ஏற்ற 50, இறக்க 67

எந்தத் தடுப்பூசியை யாருக்கு, எந்த வயதில் போடலாம் என்று அமெரிக்க அரசுக்குச் சொல்ல ஒரு நிபுணர் குழு உண்டு. 2025 ஜூன் 9 அன்று சுகாதாரத் துறை அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அந்தக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே அறிவிப்பில் நீக்கினார். இரண்டு நாளில் வேறு எட்டுப் பேரை அமர்த்தினார்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, பிப்ரவரி 4 அன்று, குடியரசுக் கட்சியின் லூசியானா செனட்டர் பில் காசிடி அவையில் எழுந்து, தான் ஏன் கென்னடியின் நியமனத்தை ஆதரிக்கிறேன் என்று விளக்கியிருந்தார். அந்தக் குழுவின் பரிந்துரைகளை மாற்றாமல் காப்பதாகக் கென்னடி உறுதி தந்திருக்கிறார் என்பது அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று.

காசிடி ஏமாளி அல்ல. கல்லீரல் மருத்துவர், தன் மாநிலத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்க்க உழைத்தவர். கென்னடி பல ஆண்டுகளாகத் தடுப்பூசிகள் மேல் சந்தேகத்தைப் பரப்பியவர் என்பது அவருக்குத் தெரியும். விசாரணையின்போது தன் தயக்கத்தை வெளிப்படையாகவே சொன்னார். செனட்டின் நிதிக் குழுவில் கென்னடியின் பெயர் 14-13 என்ற கணக்கில்தான் தேறியது. காசிடி ஒருவர் மாறி வாக்களித்திருந்தால் குழுவின் பரிந்துரை கிடைத்திருக்காது. அவ்வளவு பலம் கையில் இருந்த நாளில் அவர் அதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டது ஒரு வாக்குறுதி. வேலை தொடங்கும் முன்பே முழுக் கூலியையும் கொத்தனாரிடம் கொடுத்துவிட்ட வீட்டுக்காரரின் நிலைதான்.

அமெரிக்க அமைச்சர் நியமனங்களில் இன்று ஓடும் அரசியல் உத்தியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும். தகுதி பற்றிய விவாதம் உரக்க நடக்கிறது. ஆனால் முடிவை நிர்ணயிப்பது தகுதி அல்ல.

அங்குள்ள ஏற்பாடு நம்முடையதிலிருந்து வேறுபட்டது. இந்தியாவில் அமைச்சர்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும்; கேள்வி நேரத்தில் அவைக்குப் பதில் சொல்ல வேண்டும்; யாரை அமைச்சராக்குவது என்பதில் அவைக்கு நேரடி வாக்கு இல்லை. அமெரிக்காவில் அவை உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. அதிபர் ஒருவரைப் பரிந்துரைப்பார். செனட் அவரை விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். அமைச்சருக்கு இன்ன படிப்பு, இன்ன அனுபவம் வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் எதையும் சொல்லவில்லை. வேண்டியவர்களுக்குப் பதவி தரும் ஆசையை செனட்டின் கண் கட்டுப்படுத்தும் என்பது 1788இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் முன்வைத்த வாதம்.

அந்தக் கண் எப்போதாவதுதான் விழித்திருக்கிறது. இதுவரை வாக்கெடுப்பில் நிராகரிக்கப்பட்ட அமைச்சர் பெயர்கள் ஒன்பது மட்டுமே. அதிலும் 1925இல் நடந்தது தனிக் கதை. அதிபர் கால்வின் கூலிட்ஜ், சார்ல்ஸ் வாரனை அட்டர்னி ஜெனரலாக்க விரும்பினார். சர்க்கரை ஆலை முதலாளிகளின் கூட்டணியோடு தொழில் செய்தவர், ஏகபோகத் தடுப்புச் சட்டத்தைச் செயல்படுத்தும் துறைக்கு எப்படித் தலைவராவார் என்று கேட்டவர்களில் கூலிட்ஜின் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். வாக்குகள் 40-40 என்று நின்றன. சமனை முறிக்க வேண்டிய துணை அதிபர் சார்ல்ஸ் டாஸ், அன்று வாக்கெடுப்பு வராது என்று நம்பி ஓட்டல் அறையில் தூங்கப் போயிருந்தார். அவர் விழுந்தடித்து வந்து சேர்வதற்குள் வாரனின் பெயர் தோற்றிருந்தது. கூலிட்ஜ் அதே பெயரை மறுபடி அனுப்பினார், மறுபடியும் தோற்றது. ஒரு அதிபரின் சொந்தக் கட்சி பெரும்பான்மையாக இருந்த செனட், அவர் பரிந்துரைத்த அமைச்சரை வாக்கெடுப்பில் நிராகரித்தது அதுவே கடைசி.

1989இல் ஜான் டவர் பாதுகாப்புத் துறைக்குப் பரிந்துரைக்கப்பட்டார். செனட்டின் ராணுவக் குழுவுக்கே தலைவராக இருந்தவர்; துறை அறிவில் குறை சொல்ல முடியாது. குடிப்பழக்கமும் தனிநபர் நடத்தையும் விவாதமாயின. பதவியில் இருக்கும்வரை மதுவைத் தொட மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொல்லியும் 47-53 என்று தோற்றார். 2025இல் அதே துறைக்கு வந்த பீட் ஹெக்செத் மீதும் அதே மாதிரிக் குற்றச்சாட்டுகள் எழுந்தன, அவர் மறுத்தார், பதவியில் குடிக்க மாட்டேன் என்று அவரும் உறுதி சொன்னார். ஜனவரி 24 அன்று 50-50 என்று நின்ற வாக்கெடுப்பில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கால் வென்றார். இரண்டுக்கும் நடுவில் ஒழுக்க அளவுகோல் மாறிவிட்டது என்று சொல்வது எளிது. ஆனால் டவர் காலத்து செனட்டில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. ஹெக்செத் காலத்தில் அதிபரின் கட்சிக்குப் பெரும்பான்மை. இரண்டு முடிவுகளையும் ஏறக்குறைய முழுதாக விளக்கிவிடுவது இந்தக் கணக்குதான்.

இதற்கு வழி திறந்ததில் இரு கட்சிக்கும் பங்கு உண்டு. 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் தலைமையில் செனட் தன் நடைமுறையை மாற்றியது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் சம்மதம் வேண்டும் என்ற தடை அமைச்சர் நியமனங்களுக்கு நீங்கியது. அதன் பிறகு எதிர்க்கட்சியில் ஒருவரைக்கூட அதிபர் சமாதானப்படுத்தத் தேவையில்லை. 2017இல் கல்வித் துறைக்கு பெட்சி டிவோஸ் துணை அதிபரின் வாக்கால் தேறினார். அமைச்சர் நியமனம் ஒன்று அப்படித் தேறியது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

தகுதி என்ற கேள்வியையும் இரு தரப்பும் தமக்கு வசதியாகக் குழப்பிக்கொள்கின்றன. எரிசக்தித் துறையை நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஸ்டீவன் சூ நடத்தியிருக்கிறார். 2011 விவாத மேடையில் தான் மூடப்போகும் துறைகளைப் பட்டியலிட்டபோது அதன் பெயரையே மறந்துபோன ரிக் பெரியும் 2017 முதல் நடத்தியிருக்கிறார். நாட்டின் அணு ஆயுதப் பராமரிப்பு அந்தத் துறையின் கையில் இருக்கிறது. இதைப் பார்த்துப் பட்டம்தான் மருந்து என்று முடிவு கட்டவும் முடியாது. ஃபோர்டு நிறுவனத் தலைவராக இருந்து 1961இல் பாதுகாப்புத் துறைக்கு வந்த ராபர்ட் மெக்னமாராவின் தகுதியை யாரும் சந்தேகிக்கவில்லை. வியட்நாம் போருக்குள் நாட்டை ஆழமாக இழுத்துச் சென்றவர்களில் அவர் முதன்மையானவர்.

ஆகவே தகுதி பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இவ்வளவு பெரிய நிர்வாகத்தை நடத்திய அனுபவம் உண்டா? துறையின் முடிவுகளால் தனக்கு லாபம் வருமா? சட்டத்துக்கு மாறான உத்தரவு வந்தால் அதிபரிடம் முடியாது என்று சொல்வாரா? மூன்றாவது கேள்விதான் இப்போது தலைகீழாகியிருக்கிறது. விசுவாசமே முதல் தகுதியாகும்போது, மறுத்துப் பேசும் குணம் குறையாகக் கணக்கிடப்படுகிறது.

எண்ணிக்கையும் ஓர் உத்தி. 2024 நவம்பர் 13 அன்று அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அறிவிக்கப்பட்ட மேட் கெய்ட்ஸ் எட்டே நாளில் விலகினார். சொந்தக் கட்சியின் எதிர்ப்பில் பெரும்பகுதி அவர்மேல் செலவானது. சர்ச்சைக்குரிய பெயர்கள் வரிசையாக நிற்கும்போது, தன் அதிபரை எத்தனை முறை எதிர்ப்பது என்று ஆளுங்கட்சி செனட்டர் கணக்குப் பார்ப்பார். காசிடி 2021 பதவிநீக்க விசாரணையில் டிரம்பைக் குற்றவாளி என்று வாக்களித்தவர். 2026இல் அவர் பதவிக்குத் தேர்தல். ஹெக்செத்தை எதிர்த்த ஆளுங்கட்சியினர் மூன்று பேர். தேசிய உளவுத் துறை இயக்குநராகப் பரிந்துரைக்கப்பட்ட துளசி கப்பார்டையும் கென்னடியையும் எதிர்த்தவர் மிட்ச் மெக்கானல் ஒருவர்தான். அவர் கட்சித் தலைமையிலிருந்து விலகியவர், சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர்.

இனி மைய எச்சரிக்கை. அமைச்சரை ஏற்ற 50 பேரும் துணை அதிபரும் போதும். அவரை இறக்க செனட்டுக்கு உள்ள ஒரே நேரடி வழி பதவிநீக்க விசாரணை. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, முழு அவையில் 67 பேர் வேண்டும். வரலாற்றில் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு உள்ளான அமைச்சர்கள் இரண்டே பேர்: 1876இல் வில்லியம் பெல்நாப், 2024இல் அலெஹாண்ட்ரோ மயோர்காஸ். இருவரில் ஒருவரையும் செனட் தண்டிக்கவில்லை. வாக்களித்த மறுநாள் ஒரு செனட்டரிடம் மிச்சமிருப்பது கேள்வி கேட்கும் உரிமையும் வருத்தம் தெரிவிக்கும் உரிமையும்தான்.

2025 கோடையில் இது இன்னொரு முறை நிரூபணமானது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநருக்கும் செனட் ஒப்புதல் வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அதன்படி ஜூலை 29 அன்று சூசன் மொனாரெஸுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 27 அன்று அவர் நீக்கப்பட்டார். ஏற்ற செனட் வேண்டும். இறக்க அதிபர் ஒருவர் போதும்.

ஒப்புதலே இல்லாமல் ஓட்டும் வழியும் இருக்கிறது. நம் ஊரில் ‘பொறுப்பு’ டிஜிபி என்று மாதக்கணக்கில் ஓட்டுவதைப் போல, 2019 நவம்பரில் சாட் வூல்ஃப் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பு அமைச்சராக அமர்த்தப்பட்டார். அந்த நியமனம் செல்லாது என்று 2020இல் அரசின் தணிக்கை அலுவலகம் முடிவு சொன்னது. சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்கான பாதுகாப்பை அவர் சுருக்கியதும் சட்டப்படி நிற்காது என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். குறுக்குவழியில் வந்தவரின் கையெழுத்தும் குறுக்கே விழுந்தது.

அதிபருக்குத் தன் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பது நியாயமான வாதம். மக்கள் வாக்களித்தது அவருக்கு. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை போடவே ஒப்புதல் என்ற படி வைக்கப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மூன்று பேர் எதிர்த்தால் சமன், நான்கு பேர் எதிர்த்தால் தோல்வி என்பதே 2025இன் செனட் கணக்கு. அந்த நான்காவது ஆள் எந்த வாக்கெடுப்பிலும் வரவில்லை. இனி ஒரு விசாரணையில் வேட்பாளர் உறுதிமொழிகளை அள்ளி வீசும்போது, செனட்டரும் செய்தியாளரும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அவர் இதுவரை செய்தது என்ன. இதுவரை செய்ததற்கு மாறாக நடப்பேன் என்று ஒருவர் சொல்லித்தான் 50 பேரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால், அதுவே அவருக்கு எதிராக வாக்களிக்கப் போதுமான காரணம்.