எஃப்1 விசையை அழுத்தவும்!



கோடை விடுமுறை முடிந்து மேசைக் கணிப்பொறியை இயக்கியதும், கருந்திரையில் 'சீமாஸ் செக்சம் எரர்' என்றும், அதன் கீழே 'தொடர எஃப்1 விசையை அழுத்தவும்' என்றும் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு தோன்றுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். எஃப்1-ஐ அழுத்தினால் போய்விடும். ஆனால் மறுநாளும் வரும். அதற்கு மறுநாளும் வரும். இதன் காரணம்தான் என்ன?

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில், மின்சாரம் நின்ற பின்னும் ஓடக்கூடிய கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் இயக்குபவரே தேதியைத் தட்டச்சு செய்ய வேண்டும்! 1984-இல் வந்த 'ஏ.டி.' என்ற வகையில்தான் மின்கலத்தால் ஓடும் கடிகாரமும், அதனோடு அமைப்பு விவரங்களைக் காக்கும் ஒரு சிறு நினைவகமும் இடம்பெற்றன. அந்த நினைவகத்துக்குத்தான் சீமாஸ் என்று பெயர்.

கடிகாரத்தின் உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் மீதியின்றி ஒன்று வரும்; அடுக்குகள் பாடம் படித்த தோழியர் சரிபார்த்துக்கொள்ளலாம். நாம் சுவிட்சை அணைத்த பின் இதற்கு உயிர் கொடுப்பது ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் லித்தியம் மின்கலம். அது தீர்ந்தால் சேமித்த எண்கள் கலைகின்றன. கணிப்பொறி விழித்ததும் அவற்றைக் கூட்டிப் பார்க்கிறது. கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் மேற்சொன்ன அறிவிப்பு வருகிறது.

இதைப் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். எங்கள் அக்காவின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். கணிப்பொறியோ 2010 ஜனவரி 1 என்று காட்டியது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறினால் பக்கம் திறக்காது. அக்கா அழாத குறைதான். அப்பா தேதியைக் கையால் திருத்திய பிறகே விண்ணப்பம் போயிற்று. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றாராம்! தேவைப்பட்டதோ ஒரு மின்கலம் மட்டுமே.

மாற்றும் முறை எளிது. இணைப்புக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பக்கத் தகட்டைத் திறந்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்கிவிடும். மின்கலத்தின் மேல் சி.ஆர். 2032 என்றிருக்கும். அதாவது 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். ஓரத்துக் கொக்கியை விலக்கினால் அது மேலெழும். அதே எண்ணுள்ள புதியதை, கூட்டல் குறி மேலிருக்குமாறு வையுங்கள்.

இத்தோடு நின்றுவிடக் கூடாது! இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குச் சென்று, தேதியையும் நேரத்தையும் திருத்திச் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால் புதிய மின்கலம் இருந்தும் அறிவிப்பு மீண்டும் வரக்கூடும். சில கணிப்பொறிகளில் எஃப்1-க்காகக் காத்திருக்க வேண்டாம் என்று கட்டளையிடவும் வழியுண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் நேரம் சரியாகிவிடுமா?

எஃப்1 கேட்கும் எல்லா அறிவிப்புக்கும் மின்கலமே காரணம் அன்று. விசிறி சுழலாவிட்டாலும், விசைப்பலகை இணைப்பு கழன்றாலும் கேட்கும். ஆகவே மேல்வரியை முதலில் படியுங்கள்.

கழற்றிய மின்கலத்தை மேசைமேல் விட்டுவைக்காதீர்கள். தீர்ந்துபோன மின்கலமும் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.