வெள்ளைப் பூச்சுக்குள் இருந்த அசோகர்

புது தில்லி: மேற்கு தில்லியின் மாயாபுரியில், பழைய கார்களின் உதிரி பாகங்கள் குவிந்து கிடக்கும் தெரு ஒன்றில், கார்களுக்கு வண்ணம் பூசும் சிறிய பட்டறை இருக்கிறது. அதன் பின்கட்டில் இரண்டு மரத் தாங்கிகளின்மேல் விரித்த பழைய கம்பளியில் ஒரு ஜம்போ ஜெட் படுத்திருக்கிறது. மூக்கிலிருந்து வால் வரை 141 செ.மீ. நீளம். இறக்கை முனையிலிருந்து முனைக்கு 119 செ.மீ. உண்மையான போயிங் 747-200 விமானத்தில் ஐம்பதில் ஒரு பங்கு.

இடது இறக்கை அடியோடு ஒடிந்து தனியே கிடக்கிறது. நான்கு என்ஜின்களில் ஒன்றைக் காணவில்லை. முதுகில் விரல் நீளத்துக்கு மூன்று வெடிப்புகள். ஆயினும் பட்டறைக்காரரைப் பல வாரங்கள் யோசிக்க வைத்தது இவற்றில் எதுவும் அன்று. மூக்கின் இருபுறமும் கட்டைவிரல் அகலத்தில் இருந்த ஒரு வெள்ளைப் பட்டைதான்.

விமான டிக்கெட் வாங்க நேரில் சென்றாக வேண்டிய காலத்தில், பயண முகவர் அலுவலகங்களின் கண்ணாடி ஜன்னல்களில் இத்தகைய பெரிய மாதிரி விமானங்கள் நின்றன. தெருவில் போகும் குழந்தைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள். விமானத்தில் ஏறும் வசதி இல்லாத பெரியவர்களும் பார்க்கத்தான் செய்தார்கள். டிக்கெட் கணினிக்கும் பின்னர் கைபேசிக்கும் மாறிய பிறகு பல அலுவலகங்கள் மூடப்பட்டன. மாதிரிகளில் சில சேகரிப்பாளர்களிடம் சென்றன. மற்றவை பரணுக்கும் பழைய பொருள் வண்டிக்கும் போயின.

இந்த விமானத்தின் இன்றைய உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. 1974-ல் கன்னாட் பிளேஸ் பகுதியில் இருந்த ஒரு பயண முகவர் அலுவலகத்தில் டிக்கெட் எழுதும் பணியில் சேர்ந்தவர். கார்பன் தாளின்மேல் அழுத்தி எழுதி எழுதி வலது நடுவிரலில் விழுந்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. அலுவலகம் மூடப்பட்ட நாளில் மேசை நாற்காலிகளை ஏலம் எடுத்தவர்கள் விமானத்தை மட்டும் வேண்டாம் என்று விட்டுச் சென்றார்களாம். ஆட்டோ ரிக்ஷாவில் குறுக்கே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இறக்கை ஒடிந்தது அன்றுதான். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவரும் பட்டறைக்காரரும் கேட்டுக்கொண்டனர்.

வானத்து அரண்மனை

ஆசியாவிலேயே முதலாவதாக 1960-ல் ஜெட் விமானத்தைச் சேவையில் சேர்த்தது ஏர் இந்தியா. 1971-ல் அதன் முதல் ஜம்போ பம்பாய் வந்து சேர்ந்தபோது, அதற்கு வானத்து அரண்மனை என்ற அடைமொழியைச் சூட்டினார்கள். வெறும் விளம்பரச் சொல்லாக அதை விட்டுவிடவில்லை. ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோக்கா மாடங்களைப் போல, விமானத்தின் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சிவப்பு நிற வளைவு தீட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மாடங்கள் வரிசையாக நகர்ந்து போவது போலிருக்கும்.

ஜம்போக்களுக்குப் பேரரசர்களின் பெயர்கள். முதலாவது, அசோகர். பின்னர் வந்தவற்றுள் ராஜேந்திர சோழன், விக்கிரமாதித்தன், அக்பர், கனிஷ்கர், கிருஷ்ணதேவராயர் எல்லாம் உண்டு. கடல் கடந்து படை நடத்திய ராஜேந்திரனின் பெயர் கடல் கடக்கும் விமானத்துக்குப் பொருந்தியது என்றே சொல்ல வேண்டும்.

அந்தத் தோற்றத்தின் மீது பயணிகளுக்கு இருந்த பற்றை நிர்வாகம் ஒருமுறை நேரடியாகவே அறிந்தது. 1989-ல் வெள்ளை உடல், சிவப்பு வாலில் பொன்னிறச் சூரியன் எனப் புதிய தோற்றம் கொண்டுவந்தார்கள். பழைய ஜரோக்கா எங்கே என்ற முணுமுணுப்பு எழுந்தது. இரண்டே ஆண்டுகளில் புதிய தோற்றம் கைவிடப்பட்டுப் பழையது திரும்பியது.

பட்டறைக்கு வந்தபோது மாதிரியின் மேல் இருந்தது அந்தப் பழைய ஜரோக்கா அன்று. இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைப்பு நடந்த 2007-ல் அறிமுகமான அன்னப்பறவைச் சின்னம். விளம்பரப் பலகை எழுதும் ஒருவரைக் கொண்டு அலுவலகத்தில் அதன்மேலேயே பூசச் செய்திருக்கிறார்கள். அவர் கைத்திறன் உள்ளவர் என்பது வாலில் தெரிகிறது. அவசரக்காரர் என்பது வயிற்றுப் பகுதியில் தெரிகிறது.

நீரூற்றித் தேய்க்கும் வேலை

மாதிரியின் உடல் கண்ணாடி இழையால் ஆனது. பழைய பெயிண்டை உரிக்கக் கார்ப் பட்டறைகளில் பயன்படும் கடுமையான திரவத்தை இதில் ஊற்றினால் பெயிண்டோடு இழையைப் பிடித்திருக்கும் ரெசினும் இளகிவிடும். எனவே தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதிலும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அக்காலத்துச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. தூசியாகப் பறந்தால் மூச்சோடு உள்ளே போகும். நீர் ஊற்றி, 400-ல் தொடங்கி 800, 1500 எனப் படிப்படியாக நயமான உப்புத்தாள் கொண்டு, உள்ளங்கை அளவு இடத்தை ஒரு மணி நேரம் தேய்க்கிறார்கள்.

வெடிப்புகளை மேலோடு பட்டி பார்த்து மூடினால் ஒரு கோடைகூடத் தாங்காது என்கிறார் பட்டறைக்காரர். வெடிப்பை முதலில் இன்னும் சற்று அகலமாகக் கீறித் திறக்கிறார். உட்புறத்தில் கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸி ரெசினில் நனைத்து ஒட்டுகிறார். அது இறுகிய பிறகே வெளியே பட்டி. காணாமற்போன என்ஜினுக்கு, இருக்கும் ஒன்றிலிருந்து சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து ரெசின் வார்த்தாயிற்று. ஒடிந்த இறக்கைக்குள் அலுமினியக் குழாய் செருக வேண்டும். 747-ன் இறக்கை பின்னோக்கி 37.5 பாகை சாய்ந்தது. வலது இறக்கையை அட்டையில் வரைந்து வெட்டி, அட்டையைத் திருப்பிப் பிடித்து இடதின் கோணத்தைச் சரிபார்க்கிறார். ஒரு பாகை பிசகினாலும் விமானம் காயம்பட்ட பறவை போலத் தோன்றுமாம்.

பெரும் சிக்கல் சிவப்பு. ஜன்னலோரம் நின்ற மாதிரியில் வெயில் பட்ட பக்கம் வெளிறிவிட்டது. உண்மையான சிவப்பு எது? இறக்கை உடலோடு சேரும் மடிப்புக்குள், வெளிச்சம் புகாத இடத்தில் ஒரு நகக்கண் அளவுக்கு அது மிஞ்சியிருந்தது. அதைக் காட்டிக் காஷ்மீரி கேட் பெயிண்ட் கடையில் நிறமானிக் கருவியால் அளந்து வாங்கினார். ஆனால் அப்படியே பூசவில்லை. பெரிய விமானத்தில் எடுப்பாக இருக்கும் நிறம் சிறிய உருவில் கறுத்துத் தெரியும் என்பதால் துளி வெள்ளை சேர்த்தார். பூசுவதற்கும் தில்லியில் நல்ல மாதம் என்று ஒன்று இல்லை. மே மாதம் புழுதிக் காற்று, ஜூலையில் ஈரம், நவம்பரில் புகை.

ஜரோக்காக்கள் பக்கத்துக்கு எண்பதுக்கும் மேல். உண்மை விமானத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் 20 அங்குலம், இங்கே ஒரு செ.மீ. ஒவ்வொரு வளைவையும் ஒட்டுத்தாளில் வெட்டி மறைத்துத் தெளிக்க வேண்டும். எழுத்தும் எளிதன்று. ஏர் என்பதை ஏ, அ, ர எனப் பிரித்து எழுதுவது ஏர் இந்தியாவின் இந்தி வழக்கம். கணினி தரும் எழுத்துருக்களில் அந்த வடிவம் அமையாததால் பழைய புகைப்படங்களைப் பார்த்துக் கையால் வரைந்திருக்கிறார்.

மூக்கில் தெரிந்த தூரிகைத் தடம்

2007 பூச்சை மூக்கில் தேய்த்து எடுத்தபோதுதான் அந்த வெள்ளைப் பட்டை வெளிப்பட்டது. அடிப்பூச்சு முழுவதும் பீய்ச்சித் தெளித்தது. கண்ணாடி போல மென்மையானது. பட்டையில் மட்டும் தூரிகையின் மயிர்த் தடங்கள். வீட்டுக் கதவுக்குப் பூசும் சாதாரண எனாமல். இடப்புறப் பட்டை நேராக இருந்தது, வலப்புறம் கோணலாகச் சரிந்திருந்தது.

பட்டறைக்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். ஒட்டிய எழுத்துகளுக்குச் சிறிது தடிமன் உண்டு. சாய்ந்த ஒளியில் அவற்றின் ஓரம் நிழல் போடும். நிழல்களைக் கூட்டிப் படித்தபோது கிடைத்த பெயர், பேரரசர் அசோகர். வாலருகே இருந்த பதிவு எழுத்துகளும் அதையே கூறின: வி.டி. - இ.பி.டி.

1978 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட அசோகர் விமானம், தரையை விட்டெழுந்த சில நிமிடங்களுக்குள் பாந்த்ரா கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 213 பேரும் இறந்தனர். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் கருவி பழுதானது. கீழே இருண்ட கடல், தொடுவானம் தெரியாது. நேராகப் பறந்த விமானத்தைத் தவறாகச் சாய்த்துவிட்டார் விமானி. ஏழு ஆண்டுகள் கழித்து, 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அப்பால் குண்டுவெடிப்பில் 329 பேரோடு கனிஷ்கர் அழிந்தது. நாட்டின் நினைவில் கனிஷ்கர் என்ற பெயர் தங்கிய அளவுக்கு அசோகர் தங்கவில்லை.

பெயர் தெரிந்ததும் பெண்மணிக்குத் தொலைபேசியில் சொன்னார் பட்டறைக்காரர். மறுமுனையில் பேச்சில்லை. இரண்டு நாள் கழித்து நேரில் வந்தார். அந்த எனாமலைப் பூசியது தானே என்றார்.

மறுநாள் திங்கள்கிழமை. செய்தித்தாளோடு அலுவலகம் வந்த மேலாளர், கடையின் இரும்புத் திரையைத் தூக்கும் முன்பே வன்பொருள் கடைக்கு ஆள் அனுப்பிச் சிறு டப்பாவும் தூரிகையும் வாங்கிவரச் செய்திருக்கிறார். பயணம் போக டிக்கெட் வாங்க வருபவர் கண்ணில் அந்தப் பெயர் படக் கூடாது. அலுவலகத்தில் எல்லோரையும்விட நல்ல கையெழுத்து இருபதுகளில் இருந்த அந்தப் பெண்ணுக்குத்தான். ஆகவே வேலை அவரிடம் வந்தது. முதலில் பூசியது இடப்புறம். வலப்புறம் பூசும்போது கை நடுங்கிவிட்டது. அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த விமானத்துக்கு ஒரு பெயர் இருந்ததே தெரியாது. மாதிரியைப் பட்டறையில் கொடுத்தபோது தானும் அதை நினைக்கவில்லை என்கிறார். நினைத்திருந்தால் கொடுத்திருப்பாரா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

எந்த ஆண்டில் நிறுத்துவது?

இதற்கிடையே ஒரு விலை வந்திருந்தது. உணவகங்களுக்கு அலங்காரம் செய்யும் ஒருவர் மாதிரியை வாங்கத் தயார், தொகையும் சிறியதன்று. நிபந்தனை ஒன்றுதான்: 2022-ல் டாடா குழுமத்திடம் ஏர் இந்தியா திரும்பியபின் 2023 ஆகஸ்டில் வெளியான புதிய தோற்றத்தில், அடர் சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் பொன்னிறமுமாகப் பூசித்தர வேண்டும். அந்நிறத்தில் ஏர் இந்தியா ஜம்போ ஒன்று ஒருநாளும் பறந்ததில்லை. எஞ்சியிருந்த ஜம்போக்கள் அதற்கு முன்பே சேவையிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து கடைசியாகக் கிளம்பும்போது இறக்கைகளை இருபுறமும் சாய்த்து விடைபெற்றதைப் பலர் படமெடுத்தார்கள். மகனுக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம். பல ஆண்டுகள் வீட்டின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருந்த பொருள் அது. அவரைக் குறை சொல்ல முடியாது.

வேலையின் இடர்ப்பாடே இதுதான் என்கிறார் பட்டறைக்காரர். காருக்கு மீண்டும் பூசும்போது எந்த ஆண்டில் நிறுத்துவது என்று எவரும் கேட்பதில்லை. இதில் கேட்டாக வேண்டும். 1971 வேண்டும் என்றால் 1978-ன் பட்டை போக வேண்டும். பட்டை வேண்டும் என்றால் பெயர் தெரியாது. தேய்த்ததைத் திருப்பி ஒட்ட வழியில்லை.

ஒரு மாதம் வேலை நின்றது. பிறகு பெண்மணியே முடிவு சொன்னார். விற்பனை இல்லை. உடல் முழுவதும் பழைய ஜரோக்கா நிறம். இடப்புறத்துப் பட்டையை எடுத்துவிட்டுப் பெயரை வெளிக்கொண்டு வரலாம். வலப்புறத்தில், கை நடுங்கிய பட்டை அப்படியே இருக்கட்டும்.

இடப்புறப் பட்டையை எடுக்கப் பஞ்சும் குச்சியும் அறுவைக் கத்தியும் கொண்டு ஒன்பது நாள் ஆனது. கீழிருந்த எழுத்துகளில் இரண்டு மட்டும் சிதைந்தன. அவற்றைப் புதிதாக எழுதவில்லை. வயிற்றுப் பகுதியில் வாலுக்கு அருகே இரண்டு செ.மீ. அகலத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார் பட்டறைக்காரர். விளம்பரப் பலகைக்காரரின் அன்னப்பறவைச் சிவப்பும் அதன்கீழ் 1971-ன் வெயில் தின்ற சிவப்பும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

கடைசி மேற்பூச்சு மட்டும் பாக்கி. அதில் கலக்கும் கெட்டிப்படுத்தும் திரவத்தின் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அன்று பட்டறையில் உதவியாள் பையனுக்கு விடுமுறை. முகக்கவசத்தோடு அவர் ஒருவரே பூசுவார்.

இடது இறக்கையை நிரந்தரமாக ஒட்டுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. பெண்மணியின் வீடு மூன்றாவது மாடியில், மின்தூக்கி இல்லை. படிக்கட்டின் திருப்பத்தை அவர் தையல் நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். 97 செ.மீ. இறக்கையைக் கழற்றித்தான் மேலே கொண்டுபோக வேண்டும். குழாயில் ஒரு திருகாணி வைத்துக்கொண்டிருக்கிறார் பட்டறைக்காரர்.