பென்சில் வரைவை இரசித்தல்: டெலக்குறுவாவின் மொறோக்கோ உருவங்கள்

மாணவர்களே, வண்ண ஓவியத்தைப் பற்றி எழுதும்போது நிறம் உங்களுக்குக் கைகொடுக்கும். பென்சில் வரைவில் அந்த உதவி இல்லை. இதனால் பலர் "நிறம் தீட்டப்படவில்லை, முற்றுப்பெறவில்லை" என எழுதி நிறுத்திவிடுகின்றனர். இது தவறாகும். ஓவியர் எதை வரைந்தார், எதை வரையாது விட்டார் என்பதையே நீங்கள் நோக்க வேண்டும்.

உதாரணமாக, பிரான்சிய ஓவியர் யூஜின் டெலக்குறுவாவை (1798–1863) எடுத்துக்கொள்வோம். நவசெந்நெறி ஓவியர்கள் கிரேக்க, உரோமச் சிலைகளின் அமைதியையும் திருத்தமான கோட்டையும் போற்றினர். டெலக்குறுவா போன்ற றொமான்டிக் ஓவியர்களோ உணர்ச்சி, அசைவு, தூரதேச வாழ்க்கை என்பவற்றை நாடினர்.

1832 இல் டெலக்குறுவா பிரான்சியத் தூதுக்குழுவொன்றுடன் மொறோக்கோ சென்றார். அல்ஜியர்ஸ் நகரிலும் சில நாட்கள் தங்கினார். தாம் கண்ட மக்களைக் குறிப்பேடுகளில் வரைந்தார். அங்கு பலர் தம்மை வரைவதை விரும்பவில்லை. வீதியில் எவரும் அவருக்காக அசையாது நிற்கவுமில்லை. எனவே விரைந்து வரைய வேண்டியிருந்தது. இவ்வரைவுகளின் இயல்புக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

இவற்றைப் பின்வரும் ஒழுங்கில் நோக்குக.

1. கோடு: ஆடையின் மடிப்புகளைச் சில கோடுகளே காட்டுகின்றன. கோடு எங்கே அழுத்தமாகின்றது, எங்கே மெலிகின்றது எனக் கவனிக்குக.

2. நிலை: உடலின் பாரம் எங்கே தங்குகின்றது? முகம் விபரமாக இல்லாதபோதும், இருக்கும் விதமும் சாயும் விதமும் அம்மனிதரின் இயல்பை உணர்த்துகின்றன.

3. வெற்றிடம்: பல உருவங்களுக்குப் பின்னணி இல்லை. எனவே பார்வை உருவத்திலேயே நிலைக்கின்றது.

4. எழுத்துக் குறிப்பு: சில உருவங்களின் அருகே நிறங்களின் பெயர்களை எழுதிவைத்துள்ளார். பிற்காலத்தில் ஓவியம் தீட்டுவதற்கு இவை நினைவுக் குறிப்புகளாயின.

இப்பயணத்தின் பயனாக 1834 இல் "அல்ஜியர்ஸ் பெண்கள்" என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தைப் படைத்தார். அது பாரிஸ் லூவர் நூதனசாலையில் உள்ளது. தம் வாழ்வின் இறுதிக்காலம் வரை அவர் இக்குறிப்பேடுகளின் துணையுடன் ஓவியங்கள் தீட்டினார். ஆகவே விரைவு வரைவை அரைகுறை வேலை எனக் கொள்ளலாகாது.

விடை எழுதும் முறை:

"உருவங்கள் மிக அழகாக வரையப்பட்டுள்ளன" என்னும் வசனம் எந்தப் படத்துக்கும் பொருந்தும். எனவே அது எதையும் கூறவில்லை. பின்வருமாறு எழுதிப் பாருங்கள்: "நீண்ட மேலங்கி இரண்டு மூன்று கோடுகளால் காட்டப்பட்டுள்ளது. முகம் விபரிக்கப்படாமையால் உருவம் நிற்கும் தோரணையே முதலில் கண்ணில் படுகின்றது." இங்கு கண்டதும் அதன் விளைவும் சேர்ந்து வருகின்றன.

பயிற்சி: வீட்டில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அவரை ஒரு நிமிடத்தில் பென்சிலால் வரையுங்கள். எந்தக் கோட்டை முதலில் இட்டீர்கள்? எதை விட்டுவிட்டீர்கள்? ஏன்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுங்கள். அதன்பின் பிறரது வரைவைப் பார்க்கும்போது எதைத் தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தானாகவே விளங்கும்.