டிக்கிக்குள் ஓர் அறை!

"இறங்குங்கள், இறங்குங்கள்!" என்று ஆட்டோக்காரர் அவசரப்படுத்தியதும் என் மனைவி திடுக்கிட்டுப் போனாள். அவர் சொன்னது ஹிந்தியில்தான். ஆனால் அவர் கையை வீசிய வேகத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

டில்லியில் என் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் காஸ் நிரப்பும் நிலையத்துக்குள் ஆட்டோ நுழைந்தது. நிரப்பும்போது வண்டியில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. நாங்கள் ஓரமாகப் போய் நின்றோம். குழாயுடன் வந்த ஊழியர், வண்டியில் பதித்திருந்த ஒரு சிறு தகட்டைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர், குழாயைத் திரும்ப அதன் இடத்திலேயே மாட்டிவிட்டார்.

சிலிண்டரைப் பரிசோதிக்க வேண்டிய தவணை போன மாதமே முடிந்துவிட்டதாம்! ஆட்டோக்காரர் கெஞ்சினார். "இன்று ஒரு நாள் மட்டும், நாளைக்கே போய்விடுகிறேன்" என்றார். ஊழியர் மசியவில்லை. அந்த மனிதருக்கு அன்றைய வருமானம் போயிற்று.

"பாவம், ஒரு தகட்டுக்காகவா இப்படி விரட்டுவது?" என்று வீடு போய்ச் சேரும் வரையில் என் மனைவி அங்கலாய்த்துக்கொண்டே வந்தாள்.

இரவு சாப்பாட்டின்போது அக்கா பிள்ளையிடமும் அதையே சொன்னாள். அவன் மோட்டார் என்ஜினீயர்.

"மாமி, தகடு சின்னதுதான். அதற்குப் பின்னால் இருக்கும் சமாசாரம் சின்னதில்லை" என்றான் அவன்.

"நம் வீட்டு அடுப்பில் எரிகிற காஸ்தானே?"

"இல்லை. வீட்டுக்குச் சிலிண்டரில் வருவது புரொபேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை. கொஞ்சம் அழுத்தினாலே அது திரவமாகிவிடும். அதனால்தான் சிலிண்டரை அசைத்தால் உள்ளே தளும்புகிறது. வண்டியில் போடுவது இயற்கை வாயு. பெரும்பகுதி மெதேன். சாதாரண வெப்பநிலையில் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. வாயுவாகவேதான் திணித்து வைக்க வேண்டும்."

திணிப்பது என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன கணக்கு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காரின் டிக்கியில் வைக்கும் 60 லிட்டர் சிலிண்டரில் சுமார் 9 கிலோ வாயு அடங்கும். அதைத் திறந்து வெளியே விட்டால் எட்டடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரமுள்ள ஓர் அறை நிறைந்துவிடும்! ஓர் அறை முழுவதும் இருக்க வேண்டியதைத் தலையணை அளவு இடத்தில் அடைப்பதற்கு, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தம் வேண்டும். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் என்றால், இந்தச் சிலிண்டரில் ஏறக்குறைய 2,900 பவுண்டு.

வாயுவில் வண்டி ஓட்டுவது நமக்குப் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல், நம் ஊர் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பஸ்ஸின் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, துருத்தி போன்ற விசிறியைச் சுற்றிக் கிளீனர் புகையில் மூழ்கிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே வாயு அவ்வப்போது உற்பத்தியாகி அவ்வப்போது செலவாகிவிடும். சேமித்து வைக்கும் பேச்சே இல்லை. இன்றைய முறையில் சேமிப்பதுதான் முக்கியமான காரியம். ஆகவே பொறுப்பும் அதிகம்.

டில்லி இந்த வாயுவுக்கு மாறியதற்குக் காரணம் புகைதான். வழக்கறிஞர் எம். ஸி. மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கில், 1998 ஜூலை 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு கண்டிப்பான உத்தரவைப் பிறப்பித்தது. நகரத்துப் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் என்பது அதில் ஒன்று. மாறுவது லேசாக இருக்கவில்லை. காஸ் நிலையங்களின் வாசலில் ஆட்டோக்கள் மணிக்கணக்கில் வரிசையில் தவம் கிடந்தன. தவணை தள்ளிக்கொண்டே போய், 2002 முடியும் தறுவாயில்தான் பழைய டீசல் பஸ்கள் விடைபெற்றன. டில்லியின் காற்று இன்னும் சுத்தமாகிவிடவில்லை. அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் பஸ்ஸின் பின்னால் கரும் புகையைக் குடித்துக்கொண்டு போகும் தண்டனையாவது குறைந்தது.

சரி, 200 மடங்கு அழுத்தத்தில் குமுறிக்கொண்டிருக்கும் வாயு என்ஜினுக்குள் எப்படிச் சாதுவாகப் போகிறது?

சிலிண்டரின் வாயில் ஒரு வால்வு இருக்கிறது. அவசரத்துக்குக் கையாலேயே திருகி மூடலாம். அங்கிருந்து கெட்டியான எஃகுக் குழாய் வண்டியின் அடியில் ஓடி என்ஜின் பக்கம் வருகிறது. வழியில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு வால்வு உண்டு. இது விசுவாசமுள்ள காவற்காரன். மின்சாரம் இருந்தால்தான் கதவைத் திறப்பான். என்ஜின் நின்றாலோ, விபத்தில் மின்கம்பி அறுந்தாலோ, வில்லின் விசையால் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்து வருவது ரெகுலேட்டர். 200 மடங்கு அழுத்தத்தை இதுதான் படிப்படியாகத் தணித்து, டயரில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவருகிறது. இங்கே ஒரு வேடிக்கை. நெருக்கிக் கிடந்த வாயு திடீரென்று விரியும்போது பயங்கரமாகக் குளிர்ந்துவிடும். அப்படியே விட்டால் ரெகுலேட்டரின் மேல் உறைபனி படிந்து வேலை கெட்டுவிடும். ஆகையால் என்ஜினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீரை ஒரு குழாயின் மூலம் ரெகுலேட்டருக்குள்ளும் ஓடவிடுகிறார்கள். என்ஜினின் ஜுரம் ரெகுலேட்டரின் குளிருக்கு மருந்து! பெட்ரோல், காஸ் இரண்டிலும் ஓடும் கார்கள் பல, முதலில் பெட்ரோலில் கிளம்பி, சூடு ஏறிய பிறகு காஸுக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதுவாகிவிட்ட வாயுவை இன்ஜெக்டர் என்னும் நுண்ணிய வால்வுகள் அளந்து அளந்து என்ஜினுக்கு ஊட்டுகின்றன. எவ்வளவு, எப்போது என்பதைத் தீர்மானிப்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர். ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது, வண்டி ஓடுகிறது.

"இதெல்லாம் சரி. கசிந்தால்?" என்றாள் என் மனைவி.

"மெதேன் காற்றைவிட லேசானது, மாமி. திறந்த வெளியில் மேலே எழும்பிப் போய்விடும். சமையல் காஸைப் போல் தரையோடு தங்கிக் கிடக்காது. தானாகப் பற்றிக்கொள்ளச் சுமார் 540 டிகிரி வெப்பம் வேண்டும். பெட்ரோலுக்கு அதில் பாதி போதும். ஆனால் மூடிய டிக்கிக்குள் கசிந்தால் ஆபத்துதான். அதற்காகத்தான் வால்வைச் சுற்றி ஒரு பையை மாட்டி, அதிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய் விட்டிருக்கிறார்கள். வாசனையே இல்லாத வாயுவில் துர்நாற்றத்தைக் கலப்பதும், கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்பதற்காகத்தான்."

"அப்படியானால் பயமே இல்லையா?"

"பயம் சிலிண்டரிடத்தில்தான். நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு விரிகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும்? ஆட்டோவுக்குத் தினமும் நிரப்புகிறார்கள். போதாக்குறைக்குத் துரு வேறு. அதனால்தான் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை."

அந்தப் பரிசோதனையும் சுவாரசியமானது. சிலிண்டரைக் கழற்றி, உள்ளே தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்துகிறார்கள். விரிந்த சிலிண்டர் பழைய அளவுக்குத் திரும்பினால் தேறிவிட்டது. விரிந்தபடியே நின்றால் தள்ளுபடி. காற்றுக்குப் பதில் தண்ணீர் எதற்கு? தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்காது. சிலிண்டர் பிளந்தாலும் தண்ணீர் பீச்சி அடிப்பதோடு சரி. காற்றானால் வெடிகுண்டு போல் சிதறும். தேறிய சிலிண்டரின் அடுத்த தவணையைத்தான் அந்தச் சிறு தகடு சொல்கிறது.

என் மனைவி சிறிது நேரம் பேசவில்லை. ஆட்டோக்காரருடைய நஷ்டத்துக்காக வருத்தப்பட்டவள், இப்போது அவர் பின்னால் உட்கார்ந்து வந்த எங்களை நினைத்துப் பார்த்தாள் போலும்.

"அந்த ஊழியர் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார்" என்றாள் கடைசியாக. பிறகு மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஆமாம், நீயும் காஸ் கார்தானே வைத்திருக்கிறாய்? உன் தகட்டில் என்ன தேதி போட்டிருக்கிறது?" என்று கேட்டாள்.

என்ஜினீயரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, அவன் படியிறங்கிப் போனான். பத்து நிமிஷம் கழித்து அசட்டுச் சிரிப்புடன் திரும்பி வந்தான்.

"இன்னும் ஆறு நாள் இருக்கிறது, மாமி!"

மறுநாள் காலையில் அவன் ஆபீசுக்குப் பஸ்ஸில் போனான். கார் பரிசோதனைக்குப் போயிருந்தது.