சபா மேடையும் ஒற்றை மைக்கும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் குடும்பத்தோடு சிரித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால், பெரும்பாலும் சபா நாடகத்துக்குத்தான் போவார்கள். மாலை ஏழு மணிவாக்கில் வாணி மகாலிலோ நாரத கான சபாவிலோ திரை விலகும். மேடையில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், உள்ளறைக்குப் போவதுபோல் ஒரு வாசல். அந்த வாசல் வழியே ஒருவர் பின் ஒருவராக வந்து குழப்பத்தை வளர்ப்பார்கள். இன்று ஸ்டாண்ட்-அப் காமெடி மேடையில் ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில். ஒருவர் வந்து நிற்கிறார். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கதையும் அவர், பாத்திரங்களும் அவர்.

அன்று மேடை ஏறியவர்களில் பலர் ஆபீஸ் விட்டு வந்தவர்கள். பகலில் பேங்க், மாலையில் ஒத்திகை. கிண்டியில் பொறியியல் படித்து, வேலையில் இருந்துகொண்டே நாடகங்கள் எழுதத் தொடங்கிய கிரேஸி மோகன் 1979இல் தன் நாடகக் குழுவை உருவாக்கினார். இன்றைய கலைஞர்களிலும் பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அலெக்ஸாண்டர் பாபுவைப் போல மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இதையே வாழ்வாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அன்று சம்பளம் கலையைத் தாங்கியது. இன்று கலையே சம்பளமாகவும் இருக்கவேண்டியிருக்கிறது. மோகன் 2019 ஜூன் 10 அன்று மறைந்தார். அலெக்ஸின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ அமேசான் பிரைமில் வெளியானதும் அதே ஆண்டில்தான்.

சபாவுக்குச் சந்தா கட்டிய குடும்பம் மொத்தமாக வரும். பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஜோக் இருவருக்கும் எட்டவேண்டும், இருவரையும் நெளியவைக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் மோகனின் சொல் விளையாட்டு பிறந்தது. இன்று ஃபோனில் டிக்கெட் எடுக்கும்போதே எந்த வயதினருக்கான நிகழ்ச்சி என்று தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குள் பேசத் தயங்கியவற்றை மேடையில் பேச முடிகிறது. பாட்டிதான் அரங்கில் இல்லை.

ஜோக்கின் ஆயுளும் மாறிவிட்டது. ‘சாக்லேட் கிருஷ்ணா’ ஆயிரம் முறைக்கு மேல் மேடையேறியது. எந்த இடத்தில் என்ன வசனம் வரும் என்று தெரிந்தவர்களே திரும்ப வந்தார்கள், எஸ்.வி.சேகரின் நாடகங்களைக் கேசட்டில் கேட்டு மனப்பாடம் செய்தவர்களும் டிக்கெட் வாங்கினார்கள். இன்று ஒரு ஜோக் ஓப்பன் மைக்கில் ஐந்து நிமிடத்துக்குள் சோதிக்கப்பட்டு, பல இரவுகள் செதுக்கப்பட்டு, யூடியூபில் ஏறிய மறுநாளே மேடைக்குப் பழசாகிவிடுகிறது. லட்சம் பேரைச் சென்றடைந்த ஜோக்கை அடுத்த மாதம் நூறு பேர் முன்னால் சொல்ல முடிவதில்லை.

நாடகத்தில் ஒருவர் வசனம் பேசி அரங்கம் சிரிக்கும்போது, எதிரில் நிற்பவர் முகம் மாறாமல் காத்திருப்பார். சிரிப்பு முழுதும் அடங்கும் முன், ஆனால் பாதிக்கு மேல் தணிந்த பின், அடுத்த வசனத்தைத் தொடங்கவேண்டும். முந்தினால் வசனம் அமுங்கிப்போகும். பிந்தினால் வேகம் போய்விடும். வருஷக்கணக்கில் சேர்ந்து நடித்தவர்களுக்கே அது கைகூடும். தனியாக நிற்பவர் இந்தக் கணக்கைப் பார்வையாளர்களோடுதான் போடவேண்டும். எனவே முன்வரிசைக்காரரிடம் ஊர் கேட்கிறார், வேலை கேட்கிறார், பதிலிலிருந்தே அடுத்த சிரிப்பை எடுக்கிறார். சிரிப்பு வராத நொடியில் தாங்கிப்பிடிக்க மட்டும் பக்கத்தில் யாரும் இல்லை.

மோகனின் நாயகிகள் பலருக்கும் ஜானகி என்றே பெயர். பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியைக்கு அவர் செய்த மரியாதை அது. ஆனால் ஜானகி பேசியதெல்லாம் ஓர் ஆண் எழுதிய வசனம். இன்று மாமியார் வீட்டையும் மேட்ரிமோனி தளத்தையும் பற்றிப் பெண்களே எழுதி, பெண்களே பேசுகிறார்கள். இதை லாபக் கணக்கில் முதல் வரியாக எழுதவேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீசிடம் கொடுத்து அனுமதி பெறவேண்டியிருந்தது. சோ எழுதிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகம் 1968இல் மேடையேறியது அந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முன்அனுமதிப் பிரிவுகளை ரத்து செய்தது. இன்று முன்அனுமதி தேவையில்லை. ஆனால் வெட்டி எடுத்த அரை நிமிட வீடியோ ஒன்று, நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களின் கோபத்தைக் கிளப்பிவிடலாம். அன்று தடை மேடைக்கு முன்னே நின்றது. இன்று அது மேடைக்குப் பின்னே வருகிறது.

சொந்த வாழ்க்கையைச் சொந்தக் குரலில் சொல்லும் துணிவு இந்தத் தலைமுறை தந்த கொடை. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எனினும் மூன்று தலைமுறையை ஒரே வசனத்துக்குச் சிரிக்கவைத்த அந்தக் கைத்திறன் பழமையின் பெயரால் ஒதுக்கத்தக்கதல்ல. பாட்டுக்குள் கதையும் கதைக்குள் சிரிப்புமாகப் பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்ந்து சிரிக்கவைக்க ஒற்றை மைக்காலும் முடியும் என்று அலெக்ஸ் காட்டியிருக்கிறார். அந்த வழியில் இன்னும் பலர் நடக்கவேண்டும்.