இரகசிய வியாதிகளும் இரகசியப் பரீக்ஷையும்

புதுச்சேரிப் பட்டணத்துக்கு வடக்கே, சென்னைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரியின் எல்லை முடியுமிடத்தில் கனகசெட்டிக்குளம் என்னும் கிராமம் இருக்கிறது. கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. இத்தகைய கிராமங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் தெரு முழுவதும் வந்து விசாரிக்கும். ஆனால் மறைவிடத்தில் ஒரு புண் தோன்றினாலோ, சிறுநீர் எரிச்சலுடன் சீழ் கண்டாலோ, அவர் அதைத் தம் மனைவியிடங்கூடச் சொல்லார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊரார் கண்ணில் படுமே என்று அஞ்சி, நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப் போடுவார். அந்தத் தாமதத்தினால் அவருக்கு மட்டுமன்றி, குற்றமேதும் அறியாத மனைவிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் கேடு விளைகிறது. ஊரார் அறியாமல் பரீக்ஷை செய்துகொள்ள வழி உண்டு என்பதையும், அவ்வழி எதுவென்பதையும் ஒவ்வொரு சங்க அங்கத்தினரும் தெரிந்துகொள்வது அவசியம்.

வியாதிகள் எவை?

சேர்க்கையினால் பரவும் வியாதிகளில் முக்கியமானவை சில. முதலாவது, கிரந்தி அல்லது பறங்கிப்புண் எனப் பெரியோர் வழங்கிய சிபிலிஸ். இரண்டாவது, வெட்டை எனப்படும் கொனோரியா. இவற்றுடன் கிளமிடியா, பி வகைக் கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. ஆகியவையும் சேரும். இவையாவும் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளால் உண்டாகின்றன. உஷ்ணத்தினாலோ, சாபத்தினாலோ, கண்ட தண்ணீரைக் குடிப்பதனாலோ இவை வருவதில்லை. ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே படகில் தொழில் செய்வதாலும், கைகோத்து நடப்பதாலும் எச்.ஐ.வி. பரவுவதில்லை.

கிரந்தியின் தந்திரத்தை அறிந்திருத்தல் நலம். கிருமி புகுந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரு புண் தோன்றும். அது பெரும்பாலும் வலிக்காது. மருந்தொன்றும் இடாமலே சில வாரங்களில் ஆறிவிடும். நோயாளி பிழைத்தோம் என்று நினைப்பார். கிருமியோ இரத்தத்தில் தங்கியிருந்து, பல வருஷங்களுக்குப் பின் இருதயத்தையும் மூளையையும் கெடுக்கக் கூடும். கர்ப்பிணிக்கு இந்நோய் இருந்தால் குழந்தை இறந்து பிறக்கலாம். அல்லது நோயுடன் பிறக்கலாம். வெட்டையும் கிளமிடியாவும் ஸ்திரீகளிடம் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே பரவி, மலட்டுத்தன்மைக்குக் காரணமாகின்றன. எச்.ஐ.வி. பல வருஷம் வரையில் யாதொரு குறியும் இன்றி இருக்கும். ஆகவே உடம்பு நன்றாயிருக்கிறது என்பதைக் கொண்டு நோயில்லை என்று தீர்மானிக்க இயலாது. பரீக்ஷை ஒன்றே உண்மையைக் காட்டும்.

கட்டாயத்தினால் விளைந்தது என்ன?

இவ்வியாதிகளை அடக்கப் பழைய சர்க்கார் கையாண்ட முறையொன்று உண்டு. 1868-ம் வருஷத்தில் ஆங்கிலேய இந்தியாவில் தொற்று வியாதிகள் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன்படி சில ஸ்திரீகளின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன. அவர்கள் கட்டாயமாகச் சோதிக்கப்பட்டனர். நோய் கண்டவர்கள் அதற்கென ஏற்பட்ட ஆஸ்பத்திரிகளில் அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களிடம் வந்துபோன புருஷர்களை எவரும் சோதிக்கவில்லை. ஸ்திரீகள் பதிவுக்கு அஞ்சி ஒளிந்தனர்; நோயும் அவர்களுடன் ஒளிந்தது. 1888-ல் அச்சட்டம் எடுபட்டது. பின்னர் 1916-ல் இங்கிலாந்து தேசத்தில் வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. வருகிறவர்களிடம் கட்டணம் வாங்காமலும், அவர்கள் பெயரை வெளியிடாமலும் பரீக்ஷையும் சிகிச்சையும் அளிக்க ஏற்பாடாயிற்று. அஞ்சுகிறவன் மறைவான், மறைகிறவன் பரப்புவான் என்பதே இவ்விரண்டு ஏற்பாடுகளிலிருந்தும் கற்கத்தக்க பாடம்.

அக்காலத்து வைத்தியமும் வளர்ந்தது. 1906-ல் வாஸர்மன் என்னும் ஜெர்மன் தேசத்தவர் கிரந்தியை இரத்தத்தில் கண்டறியும் பரீக்ஷையை வெளியிட்டார். 1943-ல் பெனிஸிலின் மருந்தினால் அந்நோய் குணமாவது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இன்றைக்கும் கிரந்திக்கு அதுவே சிறந்த மருந்து. ஆரம்ப நிலையில் நீண்ட நாள் வேலை செய்யும் பெனிஸிலின் ஊசி ஒருமுறை போட்டாலே போதுமானது. நாட்பட்ட நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள் வேண்டும்.

சென்னையில் தொடங்கிய வரலாறு

எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பது முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னையிலேயேயாகும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் என்பவரின் மேற்பார்வையில், நிர்மலா என்னும் மாணவி ஏறக்குறைய நூறு ஸ்திரீகளின் இரத்தத்தைச் சேகரித்தார். அதைப் பரீக்ஷிக்கும் வசதி அப்பொழுது சென்னையில் இல்லாமையால், இரத்த மாதிரிகளை ரயிலில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அவற்றில் ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் கண்டது. அந்நாளில் இந்நோய்க்குத் தக்க மருந்து இல்லை. கண்டவர்களை ஊரார் ஒதுக்கினர். இன்றோ நிலைமை முற்றும் மாறிவிட்டது. 2004-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் இந்திய சர்க்கார் இதற்குரிய மருந்துகளை இலவசமாக வழங்கி வருகிறது. நாள்தோறும் தவறாமல் மருந்து உட்கொள்பவர் ஏனையோரைப் போல் நெடுநாள் வாழலாம். மருந்தினால் இரத்தத்தில் கிருமி காணாத அளவுக்கு அடங்கிய பின், சேர்க்கையினால் அது பிறருக்குப் பரவுவதில்லை. கர்ப்பிணி மருந்து எடுத்துக்கொண்டால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

பரீக்ஷை நடைபெறும் விதம்

கனகசெட்டிக்குளத்து மீனவர் ஒருவருக்குச் சந்தேகம் உண்டாயிற்று என்று கொள்ளலாம். அவர் பஸ் ஏறித் தெற்கே புதுச்சேரிக்கு வந்தால், இந்திரா காந்தி அரசினர் பொது ஆஸ்பத்திரியும் கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் போவதையே விரும்பினால், திண்டிவனம் போன்ற ஊர்களின் அரசினர் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்லலாம். எச்.ஐ.வி. பரீக்ஷைக்குரிய இடத்துக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர், ஐ.சி.டி.சி. என்றும் சொல்வர். தம் ஊருக்கு அருகேயுள்ள மையத்துக்கே செல்ல வேண்டும் என்னும் நியதியில்லை. தெரிந்த முகம் இல்லாத ஊருக்குச் செல்வதில் குற்றமொன்றும் இல்லை.

மையத்தில் முதலில் ஆலோசகர் ஒருவர் தனி அறையில் பேசுவார். ஏன் வந்தீர், எப்பொழுது சந்தேகம் ஏற்பட்டது என்று கேட்பார். கண்டிக்கவோ உபதேசம் செய்யவோ மாட்டார். பிறகு சம்மதம் பெற்று, ஓர் எண்ணைக் குறித்துச் சிறிதளவு இரத்தம் எடுப்பர். இதற்குக் கட்டணம் இல்லை. முதற் பரீக்ஷையில் கிருமி உண்டு என்று வந்தால் அத்துடன் தீர்மானித்துவிடாமல், வேறு வகையான பரீக்ஷைகளையும் செய்து மூன்றும் ஒத்தால்தான் உறுதி சொல்வர். முடிவைத் தனியறையில், வந்தவரிடமே தெரிவிப்பர்.

கிரந்திக்கு இரத்தப் பரீக்ஷை உண்டு. வெட்டைக்குச் சிறுநீரையோ கசிவையோ சோதிப்பர். பி வகைக் கல்லீரல் அழற்சியையும் இரத்தத்தில் அறியலாம். அது வராமல் தடுக்க ஊசியும் உண்டு. பால்வினை நோய்ப் பகுதியில், நோய்க்கேற்ப நிறம் பிரித்துக் கட்டிய மருந்துப் பொட்டலங்கள் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன.

ஒன்று கவனிக்கற்பாலது. கிருமி புகுந்த மறுநாளே பரீக்ஷையில் தெரியாது. எச்.ஐ.வி.க்குச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை செல்லும். ஆகையால் முதற் பரீக்ஷையில் இல்லை என்று வந்தாலும், ஆலோசகர் சொல்லும் காலத்தில் மறுபடி செய்துகொள்ள வேண்டும். அதுவரையில் ஆணுறை தவறாது உபயோகிப்பது கடமை.

இரகசியத்துக்குச் சட்டத்தின் காவல்

எச்.ஐ.வி. சம்பந்தமாக 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டம், ஒருவருடைய தெளிந்த சம்மதம் இன்றி அவரைப் பரீக்ஷிக்கலாகாது என்றும், முடிவைப் பிறருக்கு வெளியிடலாகாது என்றும் விதிக்கிறது. சட்டம் குறித்துள்ள சில விலக்குகள் உண்டு. நோயைக் காரணமாகக் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், சிகிச்சை மறுப்பதும், பள்ளியில் குழந்தையைச் சேர்க்க மறுப்பதும் அச்சட்டத்துக்கு விரோதம். கூட்டுறவுச் சங்கத்தின் காரியதரிசி ஒவ்வொருவருடைய கடன் கணக்கையும் அறிவார். எனினும் அதைத் தேநீர்க் கடையில் வாசித்துக் காட்டமாட்டார். ஆலோசகரும் அத்தகையவரே.

மனைவிக்குச் சொல்வதே பலருக்கும் கடினமாக இருக்கிறது. ஆயினும் ஒருவர் மட்டும் மருந்துண்டு மற்றவர் உண்ணாவிடில், குணமானவருக்கு வெட்டையும் கிரந்தியும் திரும்பவும் வந்துசேரும். எப்படிச் சொல்வது என்று தெரியாதவருக்கு ஆலோசகர் துணை செய்வார். விரும்பினால் தம்பதிகளை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவார்.

போலி வைத்தியரிடம் எச்சரிக்கை

பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்களைக் கண்டு, விடுதி அறையில் தங்கிப் பார்க்கும் வைத்தியரிடம் போகிறவர் பலர். அங்கே பரீக்ஷை இல்லை. லேகியமும் பயமுறுத்தலுமே உண்டு. அதற்குப் பணம் வேண்டி வட்டிக்கடைக்காரரிடம் இரகசியமாகக் கடன் வாங்குவதும் உண்டு. நோய் தீராமல், கடன் மட்டும் வளரும். இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையை விட்டு வட்டி கட்டுவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சங்கத்தார் எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியல் எழுதவும் கூடாது. சங்கக் கட்டிடத்தில் பரீக்ஷை மையங்களின் இடத்தையும் நேரத்தையும் எழுதித் தொங்கவிடலாம். 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணையும் அதில் குறிக்கலாம். பெயர் சொல்லாமலே அதில் ஆலோசனை கேட்கலாம். கர்ப்பிணிகள் எல்லோரும் எச்.ஐ.வி., கிரந்தி ஆகிய இரண்டுக்கும் பரீக்ஷை செய்துகொள்ளும்படி தூண்டலாம். நோயுற்றவர் எனத் தெரியவந்த அங்கத்தினரைப் படகிலிருந்தும் பந்தியிலிருந்தும் விலக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் மேலான உதவி. ஒருவர் விலக்கப்படுவதைக் கண்டால் பத்துப்பேர் பரீக்ஷைக்குப் போகாமல் ஒளிவர். ஒருவர் மருந்துண்டு முன்போல வலை இழுப்பதைக் கண்டால், அஞ்சியிருந்தவரும் ஒருநாள் காலை பஸ் ஏறுவார்.