குறைமாதக் குழந்தைக்கு ஆண்டிபயாட்டிக்: எத்தனை நாள்?

37 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தையை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் பெற்றோர், அந்தச் சின்னக் கையில் ஏறும் மருந்தைப் பார்த்துப் பதறுவது இயல்பு. முதலில் ஏறும் அந்த மருந்தைத் தடுக்காதீர்கள்.

ஏன் உடனே?

தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்கு அதிகம் போய்ச் சேரும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது போதாது, தோலும் மெல்லியது. கிருமி ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. அதனால் கிருமிச் சோதனைக்கு ரத்தம் எடுத்தவுடன், முடிவுக்குக் காத்திராமல், பெரும்பாலும் பெனிசிலின் வகையோடு ஜென்டாமைசின் சேர்த்துத் தொடங்குகிறார்கள்.

குடலில் குடியேறுபவை

தாயிடமிருந்து வரவேண்டிய நல்ல பாக்டீரியாக்களுக்கு இந்தக் குழந்தைகளிடம் வழி குறைவு. குழாய், கை, கருவி வழியாக கிளெப்சியெல்லா போன்ற நோய்க்கிருமிகள் முந்திக்கொள்கின்றன. மறுநடவுக்கு வெட்டிப்போட்ட ரப்பர் காட்டில் லாலாங் புல் பரவுவதைத் தோட்டத்தார் அறிவார்கள். ஆண்டிபயாட்டிக் வெறுமையாக்கிய குடலிலும் மருந்துக்கு மசியாத கிருமியே பரவுகிறது. எந்த மருந்து என்பதும் முக்கியம். நெதர்லாந்தில் 2000-இல் வெளியான ஆய்வில், அமாக்சிசிலினும் செஃபோடாக்சிமும் கொடுத்த பிரிவில், பெனிசிலினும் டோப்ராமைசினும் கொடுத்த பிரிவைவிட அத்தகைய கிருமிகள் குடியேறும் அபாயம் 18 மடங்கு இருந்தது. ரத்தத்தில் கிருமி இல்லாதபோதும் ஐந்து நாளோ அதற்கு மேலோ மருந்து பெற்ற மிகச் சிறிய குழந்தைகளிடம் குடல் அழுகல் நோயும் இறப்பும் கூடுதலாக இருந்ததை 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பொதுவாக 36 முதல் 48 மணி நேரத்தில் சோதனை ஓரளவு தெளிவாகிவிடும். அப்போது கேளுங்கள்: "டாக்டர், ரத்தத்தில் கிருமி இருக்கிறதா? மருந்து இன்னும் எத்தனை நாள்?" இது உங்கள் உரிமை. நிறுத்தும் முடிவு மட்டும் மருத்துவருடையது.

முப்பது நாள் தீட்டு

தீட்டு, பத்தியம் என்று தாயை வீட்டுக்குள்ளேயே வைக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. குழந்தை ஈப்போவில், தாய் சுங்கை சிப்புட்டில் என்றால் இழப்பு குழந்தைக்குத்தான். தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள் பிஃபிடோ எனும் நல்ல பாக்டீரியாவுக்கே உணவு. சீம்பால் சில சொட்டு என்றாலும் பிழிந்து, தாதி சொல்லும் முறையில் குளிர்பெட்டியில் அனுப்புங்கள். முடிந்தபோதெல்லாம் தாயே போகட்டும். குழந்தையை மார்போடு தோல்படச் சேர்த்தணைப்பதைப் பிறந்தவுடனே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. பாட்டிமார்களே, மருமகளை அனுப்பி வையுங்கள்.

வீடு திரும்பியதும் சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பெரிய பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய ஆண்டிபயாட்டிக் பாட்டிலைத் தொடவே வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.